பின்மூடியின் உள்பக்கம்

திருவாரூர்க்காரத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தாத்தா காலமான பிறகு பீரோவில் அவருடைய எச்.எம்.டி. வாட்ச் கிடைத்தது. சாவி கொடுத்தால் ஓடவில்லை. ஃபோனிலேயே மணி பார்த்துக்கொள்கிற காலத்தில் இந்த மாதிரி வாட்சுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள், கட்டவும் செய்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? இதை ஓட வைக்க முடியுமா? இன்னும் ஒன்றிரண்டு வாங்கலாம் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?"

தம்பி, மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிய கேள்விகள். சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும். நான் கும்பகோணத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாகப் பழைய வாட்சுகளை வாங்கி, ஓட வைத்து, கட்டி வருகிறேன். இப்போது கையில் முப்பத்தொன்று இருக்கிறது. எல்லாமே சாவி கொடுப்பதோ, கை அசைவில் தானே ஏறும் ஆட்டோமேட்டிக்கோதான். பேட்டரி வாட்ச் ஒன்றுகூட இல்லை.

என் அப்பா பொதுப்பணித் துறையில் பாசன லஸ்கராக, அதாவது மதகுகளைத் திறந்து மூடுகிறவராக, இருந்தவர். அரசலாற்றுப் பாசனத்தில் சில வாய்க்கால் தலைப்புகள் அவர் பொறுப்பு. தண்ணீர் தாராளமாக வரும் வருடத்தில் வாட்சுக்கு அதிக வேலை இல்லை. மேட்டூரில் மட்டம் இறங்கி, முறை வைத்து விட ஆரம்பித்தால் அப்போது தெரியும். இந்தத் தலைப்புக்கு இத்தனை மணி நேரம், பிறகு பலகையை இறக்கி அடுத்ததைத் திறக்க வேண்டும். பத்து நிமிடம் கூடினால் கீழ்மடைக்காரர் சண்டைக்கு வருவார், பத்து நிமிடம் குறைந்தால் மேல்மடைக்காரர் வருவார். இரண்டு பேரும் மதகடியில் நின்றுகொண்டு அப்பாவின் இடது மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். அதில் இருந்தது 1975-இல் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்து அந்த டயலைப் பார்த்துவிட்டு, "சரி, இறக்குங்க" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த ஊரில் மணி என்பது அவர் கையில் இருந்ததுதான்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வாட்ச் பீரோவுக்குப் போயிற்று, உங்கள் தாத்தாவுடையதைப் போலவே. அவர் போன பிறகு, 2011-இல், நான் அதை எடுத்துக்கொண்டு பெரிய கடைத்தெருப் பக்கம் ஒரு பாய் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் லைட். பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். மிஷினைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டு, அந்த மூடியைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "படிச்சுப் பாருங்க தம்பி" என்றார்.

உள்பக்கத்தில் ஊசியால் கீறிய எழுத்துகள், வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். 28-11-77. 3-83. 11-88. 12-93. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் வேலை முடித்ததும் மூடியின் உள்ளே தேதியோ தங்கள் குறியோ கீறி வைப்பது பழைய வழக்கம். உலகம் முழுக்க உண்டு. அடுத்து யார் திறந்தாலும் இதற்கு முன் எப்போது எண்ணெய் போட்டது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் நோக்கம். எனக்கு முதல் தேதியிலேயே கண் நின்றுவிட்டது. 1977 நவம்பர் 12-இல்தான் நாகப்பட்டினத்துப் புயல் அடித்தது. அந்த வாரம் முழுக்க அப்பா கரையிலேயே கிடந்தார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதினாறு நாள் கழித்து வாட்ச் கடைக்குப் போயிருக்கிறது. உள்ளே தண்ணீர் போயிருக்கும். 88, 93 தேதிகளும் கார்த்திகை மாதத்தை ஒட்டியவை, அதுவும் மழைதான். அப்பா டைரி எழுதியவர் இல்லை. அவரை அறியாமலேயே அவர் வேலை பார்த்த மழைக்காலங்களை மூன்று நான்கு கடைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"அப்படி என்ன இருக்கிறது" என்று கேட்டீர்களே, என் பதில் அந்த மூடிதான். பழைய சாவி வாட்ச் திறக்கப்படுவதற்காகச் செய்யப்பட்டது. கெட்டால் திருத்தலாம் என்ற நம்பிக்கை அதன் ஒவ்வொரு திருகாணியிலும் இருக்கிறது. கட்டியவர், திருத்தியவர், பிறகு கட்டப் போகிறவர் என்று எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. பழசு, விலை ஏறும், கௌரவம் என்பவை எல்லாம் எனக்கு இதற்குப் பின்னால்தான்.

துல்லியத்தில் பேட்டரி வாட்சை இது ஜெயிக்காது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சீக்கோ கம்பெனி 1969 டிசம்பர் 25-இல் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே அந்தப் போட்டி முடிந்துவிட்டது. ஜனதா நொடிக்கு 5 தட்டு, மணிக்கு 18,000. ஒரு நாளில் 30 நொடி முன்பின் போகும். ஆனால் ஒரு நாளுக்கு 86,400 நொடி. அதில் 30 என்றால் பத்தாயிரத்தில் மூன்றரைப் பங்கு பிசகு. ஒரு சுருள் வில்லும் சில பல்சக்கரங்களும் மட்டும் வைத்து இவ்வளவு நெருங்க முடிகிறது என்பதை, இரும்போடு வேலை செய்கிறவனாக நான் மதிக்கிறேன். உள்ளே முன்னும் பின்னும் ஆடுகிற பாலன்ஸ் வீல் என்ற சக்கரத்தின் அச்சு முனை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். அது நாளுக்கு 4,32,000 தட்டு தாங்குகிறது, வருடத்துக்குப் பதினைந்தே முக்கால் கோடி. என் பட்டறையில் அவ்வளவு சின்னதாக எதையும் கடைய முடியாது.

உள்ளே நடப்பதை நம் ஊர்க்காரருக்குச் சொல்வது சுலபம். சாவி கொடுக்கும்போது ஒரு வட்டப் பெட்டிக்குள் மெயின் ஸ்பிரிங்கைச் சுருட்டுகிறோம். அது மேட்டூர். தேக்கி வைத்த சக்தி. அப்படியே திறந்துவிட்டால் சில நொடிகளில் எல்லாம் கொட்டிவிடும், முட்கள் பம்பரமாகச் சுற்றி நின்றுபோகும். அதனால் கடைமடையில் ஒரு மதகு வைத்திருக்கிறார்கள். எஸ்கேப் வீல் என்ற பல்சக்கரத்தை, பேலட் என்ற இரண்டு கொம்பு உள்ள சின்ன நெம்புகோல் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறை விடும்போதும் கொஞ்சம் சக்தி மட்டும் வெளியே வரும். பலகையை எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது என்று சொல்லும் லஸ்கர்தான் பாலன்ஸ் வீலும் அதோடு சேர்ந்த ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளும். முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆடி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல்லை விடச் சொல்லும். அந்தப் பிடிப்பும் விடுப்பும்தான் காதில் கேட்கிற டிக் டிக்.

அணை நிறைந்திருக்கும்போது தண்ணீருக்கு ஒரு வேகம், மட்டம் இறங்கினால் வேறு வேகம். வாட்சிலும் அப்படித்தான். முழுச் சாவியில் இருக்கிற ஓட்டமும், சாவி தளர்ந்தபோது இருக்கிற ஓட்டமும் கொஞ்சம் மாறும். அதனால்தான் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள் என்பது. அப்பா காலையில் ஆற்று அளவு எழுதப் போகும் முன் திருகுவார். மேலே போகாமல் நிற்கிற இடத்தை விரல் உணர்ந்ததும் விட்டுவிடுவார்.

ஹேர்ஸ்பிரிங் விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சாதாரண எஃகுச் சுருள் சூட்டில் தளரும், வாட்ச் மெதுவாகும். கத்திரி வெயிலில் ஒரு ஓட்டம், மார்கழியில் ஒரு ஓட்டம் என்று ஆகிவிடும். சூட்டுக்கு அவ்வளவாக மசியாத நிக்கல்-எஃகுக் கலவைகளைக் கண்டுபிடித்தவர் ஷார்ல் எடுவார் கியோம் என்ற சுவிஸ் விஞ்ஞானி. அதற்காக 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மதகடியில் வெயிலில் நின்ற ஒரு லஸ்கரின் ஜனதா சரியாக ஓடியதற்கும் அந்த நோபல் பரிசுக்கும் தொடர்பு இருக்கிறது.

எச்.எம்.டி.யைப் பற்றி. 1953-இல் பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் முதலில் செய்தது வாட்ச் இல்லை, இயந்திரங்கள் செய்கிற இயந்திரங்கள். என் பட்டறையில் இன்றும் ஓடுகிற பெரிய லேத் எச்.எம்.டி.தான். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து வாட்ச் தொழிற்சாலை வைத்தார்கள். முதலில் வந்த வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், கோஹினூர் என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும், பிற்காலத்தில் வந்தவற்றில் பெரும்பாலும் உள்ளே ஓடுவது 0231 என்ற ஒரே மிஷின். 17 கல். கல் என்றால் உலையில் செய்த செயற்கை மாணிக்கம். அச்சு சுற்றும் இடத்தில் தேய்மானம் இல்லாமலிருக்க வைத்தது. அதைப் பெயர்த்து எடுத்து விற்றால் காசு வரும் என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள், வராது. ஒரே மிஷின் என்பதால் இன்று நமக்கு ஒரு பெரிய வசதி: உதிரி பாகம் கிடைக்கிறது. ஒரு செத்த கோஹினூர் இரண்டு ஜனதாவைப் பிழைக்க வைக்கும்.

கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் காஞ்சன் கட்டினார்கள். ஆட்டோமேட்டிக், கிழமை தேதி காட்டும். மாப்பிள்ளைக்குப் போடுகிற வாட்ச் என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. மெல்லிசாக, டிரெஸ்ஸுக்குப் பொருத்தமாக வேண்டுமென்றால் சோனா. என் அபிப்பிராயத்தில் எச்.எம்.டி. செய்ததிலேயே அழகானது சோனாதான், ஆனால் வேலைக்காரன் ஜனதா. 1984-இல் டாடாவும் நம் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து அழகான குவார்ட்ஸ் வாட்சுகள் வர ஆரம்பித்ததும் ஆட்டம் மாறிவிட்டது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது.

ஆனால் நம் டெல்டாவில் சேகரிக்கிறவனுக்கு எச்.எம்.டி. பாதிக் கதைதான். மீதிப் பாதி கப்பலில் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா ஓடிய காலம் ஒன்று, அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல் ஓடிய காலம் ஒன்று. அப்புறம் வளைகுடாவுக்கு விமானத்தில் போய் வந்த காலம். கூத்தாநல்லூர், நாகூர், முத்துப்பேட்டை, காரைக்கால் பக்கம் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருந்தார்கள். வரும்போது கையில் ஒரு வாட்ச், பெட்டியில் இரண்டு வாட்ச். சீக்கோ 5, ரிக்கோ, சிட்டிசன் எல்லாம் அப்படி வந்தவை. அவற்றில் கிழமைத் தட்டு இரண்டு மொழியில் இருக்கும். சாவியை ஒரு படி இழுத்துத் திருகிப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து அரபி எழுத்தில் கிழமை வந்தால் அந்த வாட்ச் வளைகுடாச் சந்தைக்குப் போனது. சீன எழுத்து வந்தால் கிழக்கே எங்கோ விற்கப்பட்டது. கூத்தாநல்லூரில் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கிய என் சீக்கோவில் அரபி. அவர் அந்தத் தட்டை இருபது வருடமாக அரபியிலேயே வைத்திருந்தார். வெள்ளிக்கிழமையை அந்த எழுத்தில் பார்த்துப் பழகிவிட்டது என்றார். நானும் மாற்றவில்லை. எனக்கு அரபி தெரியாது, கிழமை தெரிய வேண்டுமென்றால் காலண்டரைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஃபாவ்ரே-லூபா பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1737-இல் தொடங்கிய சுவிஸ் பெயர். ஒரு காலத்தில் இந்தியாவில் நன்றாக விற்றது, சீ சீஃப் என்ற சாவி வாட்ச் முந்தைய தலைமுறை வாத்தியார்கள், டாக்டர்கள் கையில் நிறைய இருந்தது. நல்ல வாட்ச். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர் அதன் பக்கம் போக வேண்டாம் என்பேன். ஏன் என்பது கீழே வருகிறது.

ஒரு பேச்சு. பெண்கள் கட்டிய சின்ன வாட்சுகளை யாரும் சேர்ப்பதில்லை. டயல் காலணா அளவுதான், இன்றைய ஆண்கள் கையில் நிற்காது என்று விட்டுவிடுகிறார்கள். அதனாலேயே அவை யாரும் கைவைக்காமல், அசல் டயலோடு, அசல் முட்களோடு கிடைக்கின்றன. மிஷின் சின்னது, திருத்துகிறவர் கண் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுடையதோ பாட்டியுடையதோ வீட்டில் இருந்தால் தாத்தாவுடையதோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, வாங்குவது. நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியது ஒரு ஃபாவ்ரே-லூபா, இணையத்தில். நீல டயல், கண்ணைப் பறிக்கும் பளபளப்பு, ஐம்பது வருடப் பழசு என்று போட்டிருந்தது. பாயிடம் பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் லென்ஸைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். டயலில் ஒரு பெயர், மிஷினில் வேறு பெயர். நடுவில் துரு. டயல் புதிதாகப் பெயிண்ட் அடித்து எழுதியது. எழுத்துகள் ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிந்தும் இருந்தன. நிமிடக் கோடுகள் சில இடத்தில் நெருங்கி, சில இடத்தில் விலகி நின்றன. விற்றவர் பிறகு ஃபோனை எடுக்கவே இல்லை. இப்படி நாலு வாட்சின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்கு வண்ணம் அடித்து, புதுசு மாதிரி ஆக்கி விற்பது பெரிய வியாபாரம். பெயர் பெற்ற பழைய சுவிஸ் வாட்சுகளில்தான் இது அதிகம். அதனால்தான் போக வேண்டாம் என்றேன். எச்.எம்.டி.யிலும் உண்டு. பைலட் என்றால் கறுப்பு டயல், வெள்ளை எண்கள். ஆரஞ்சு, ஊதா, கிளிப்பச்சை டயலில் படை முத்திரையோடு வந்தால் வைத்துவிட்டு நடங்கள்.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றே நமக்கு எதிராக இருக்கிறது. நாம் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்தவர்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றி, தேய்த்து, திரும்ப மரையில் பூட்டி வைத்தால் புதிதாக ஜொலிக்கும். அதற்கு அது சரி. வாட்சுக்கு அது ஆகாது. கேஸை மெருகு போட்டுத் தேய்க்கத் தேய்க்க அதன் விளிம்புகள் மழுங்கும், ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் மெலியும், ஒருமுறை போன உலோகம் திரும்பாது. டயலைத் துடைத்தால் எழுத்து கையோடு வரும். வெளுத்த டயல், லேசாகப் பழுப்பேறிய எண்கள், கேஸில் கோடுகள் எல்லாம் இருக்கட்டும். நேர்மையாக வயதான வாட்சுக்கும், பெயிண்ட் அடித்த வாட்சுக்கும் நடுவில் எப்போதும் முதலாவதை எடுங்கள். கண்ணாடி மட்டும் விதிவிலக்கு. அந்தக் காலத்து அக்ரிலிக் கண்ணாடியில் கோடு விழுந்தால் துணியில் கொஞ்சம் பற்பசை வைத்துத் தேய்த்தாலே தெளிந்துவிடும், உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அல்லது படம் கேளுங்கள். மறுத்தால் அங்கேயே விடை தெரிந்துவிட்டது. கையில் வாங்கிப் பார்த்தால் சாவி மொரமொரவென்று இல்லாமல் சீராகத் திரும்ப வேண்டும். டயல் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எப்படி வைத்தாலும் நொடி முள் தயங்காமல் போக வேண்டும். கிழமை தேதி உள்ள வாட்சை ராத்திரி ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் நடுவில் கையால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதி மாற்றும் பற்கள் பிடித்துக்கொண்டிருக்கும், ஒடிந்துபோகலாம். பல சீக்கோ 5-களில் சாவியைத் திருகினாலும் ஏறாது. கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, அந்த மிஷினே அப்படித்தான், கையில் கட்டி நடந்தால் ஏறும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு, இதை லேசாக எடுக்க வேண்டாம். 1960-கள் வரை வந்த பல வாட்சுகளில் இருட்டில் ஒளிர்வதற்காக முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பூச்சு பூசியிருப்பார்கள். ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கும், ரேடியம் நின்றிருக்காது. அது பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் நீங்களே திறந்து, சுரண்டி, ஊதிப் பார்க்கவே கூடாது. உதிர்ந்த பொடி மூச்சில் போனால் ஆபத்து. சாதாரண ஜனதாவில் பெரும்பாலும் ஒளிரும் பூச்சு இருக்காது.

வாங்கியதைக் கட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியில் வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விருப்பம். ஆனால் ஓடாமல் கிடக்கிற வாட்சில் எண்ணெய் ஓரிடத்திலேயே நின்று கெட்டியாகும், நம் ஈரக்காற்றில் துரு அதற்கு முன்னால் வரும். கட்டுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. நான் ஒரு வாரம் ஒன்று என்று மாற்றிக் கட்டுகிறேன். காலையில் டீக்கு முன்னால் சாவி கொடுக்கிற அந்த அரை நிமிடத்தில் வேறு எதையும் செய்ய முடியாது, இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஃபோனைத் தொடாமல் என் நாள் தொடங்குகிற ஒரே இடம் அதுதான். அந்த அரை நிமிடத்தை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் சில பழக்கங்கள் வேண்டும். ஜனதா கேஸ் பெரும்பாலும் பித்தளைமேல் குரோம் பூச்சு. பின்மூடி மட்டும் எவர்சில்வர். வியர்வை உப்பு குரோமை அரித்துப் பொட்டுப் பொட்டாக்கும், ஸ்ட்ராப் கம்பி இருக்கும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். சாயங்காலம் கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் பின்பக்கத்தைத் துடையுங்கள். சித்திரை, வைகாசியில் நான் எவர்சில்வர் கேஸ் உள்ளவற்றை மட்டும் கட்டுகிறேன். டயலில் என்ன எழுதியிருந்தாலும் பழைய வாட்ச் தண்ணீர் தாங்கும் என்று நம்பவே வேண்டாம். உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் எப்போதோ இறுகியிருக்கும். ஆற்றில், பம்பு செட்டில், அடைமழையில் கழற்றி வைத்துவிடுங்கள். மீறி கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்தால் வெயிலில் வைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். நாள் கடந்தால் முதலில் சாவித் தண்டு துருப்பிடிக்கும், அப்புறம் எல்லாம். ஸ்பீக்கர், ஃபோன் கவரில் இருக்கும் காந்தம் பக்கத்தில் வைக்காதீர்கள். நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் பெரும்பாலும் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கடையில் ஒரு நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள்.

இப்போது உங்கள் தாத்தாவுடையது. சாவி முழுக்க ஏறி நிற்கிறது, ஆனால் ஓடவில்லை என்றால் "அதிகமாகச் சாவி கொடுத்துக் கெடுத்துவிட்டோம்" என்று வீட்டில் சொல்வார்கள். அது சரியில்லை. ஸ்பிரிங் முழுதாகச் சுருண்டிருப்பதால் வாட்ச் நிற்காது. உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகி, அந்தச் சக்தி கடைசிச் சக்கரம்வரை போய்ச் சேரவில்லை. மாறாக, எவ்வளவு திருகினாலும் முடிவே வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும். இரண்டுமே திருத்தக் கூடியவை. ஓட வைக்கிறேன் என்று தட்டாதீர்கள், குலுக்காதீர்கள். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் விடாதீர்கள். காய்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் அச்சு முனைகள் தேயும், எனவே ஒருவேளை கொஞ்ச நேரம் ஓடினாலும் தொடர்ந்து ஓட்ட வேண்டாம்.

திருவாரூரிலேயே பழைய ஆள் ஒருவர் இருப்பார், விசாரியுங்கள். போனதும் ஒரு கேள்வி கேளுங்கள்: மிஷினை முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடுவீர்களா, இல்லை மேலோடு எண்ணெய் விடுவீர்களா? முழுதாகப் பிரிப்பவரிடம் கொடுங்கள். இரண்டு நாள், மூன்று நாள் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம். கூலியில் பேரம் பேசாதீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளை சாமணத்தால் எடுத்து வைக்கிற வேலை அது, கற்றுக்கொள்ள இளைஞர்கள் வருவதில்லை. எங்கள் பாய் கடையிலும் அவருக்குப் பிறகு யார் என்று தெரியவில்லை. அவர் மகன் மொபைல் கடை வைத்திருக்கிறார். டயலை மாற்றவா, பெயிண்ட் அடிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள்.

திறக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். மூடியின் உள்பக்கத்தை லைட்டில் சாய்த்துப் பாருங்கள். தேதிகள் இருந்தால் எழுதி வைத்துக்கொண்டு, அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று பாட்டியிடம் கேளுங்கள். வேலை முடிந்ததும் இந்தத் தேதியையும் கீறச் சொல்லுங்கள். என்னுடையதில் 93-க்குக் கீழே பாய் 6-11 என்று போட்டார். அதன் கீழே இப்போது இன்னும் இரண்டு இருக்கிறது.

புது ஸ்ட்ராப் வாங்கும்போது அளவைப் பார்த்து வாங்குங்கள், ஜனதாவுக்குப் பெரும்பாலும் 18 மி.மீ. நம் வியர்வைக்குத் தோலைவிடத் துணி ஸ்ட்ராப் நல்லது, துவைத்துக் காயப்போடலாம். தாத்தாவின் பழைய ஸ்ட்ராப் அதோடு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் எந்த ஓட்டை இழுபட்டு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். அதே ஓட்டையில் உங்கள் கையில் மாட்டிப் பாருங்கள்.